இலை எடுப்பவர் யார்?

பந்தி முடிந்துவிட்டது. உண்டவர் எழுந்தனர், கை கழுவினர், வெற்றிலை மென்றபடி வண்டியேறி வீடு போய்ச் சேர்ந்தனர். கூடத்திலே எஞ்சிக் கிடப்பது எச்சில் இலை. விருந்துக்கு நாள் குறித்தபோது எத்தனை பேர் வருவர் என்று கணக்கிட்டனர். எத்தனை படி அரிசி வேண்டும் என்று கணக்கிட்டனர். எத்தனை வகைக் கறி என்று வாதாடவும் செய்தனர். இலை எடுப்பவர் யார் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. ‘யாரோ எடுப்பார்கள்’ என்பது அவர்தம் எண்ணம். அந்த ‘யாரோ’ என்ற ஒரு சொல்லுக்குள்ளேதான் உலகத்து அநீதிகளிலே பாதி ஒளிந்துகொண்டிருக்கிறது!

கூடத்திலே நடக்கும் விருந்துக்கு இந்த மறதி சிறு குற்றம். பொழுது விடிவதற்குள் இலையும் போய்விடும், குற்றமும் மறைந்துவிடும். கடலுக்கு நடுவே, அரை நூற்றாண்டுக் காலம் நடந்த பெருவிருந்தொன்றிலே இதே மறதி நேர்ந்தால்? எஞ்சிய இலை எஃகாகவும் கான்கிரீட்டாகவும் இருந்தால்? ஒவ்வோர் இலையும் மூன்று இலட்சம் டன் எடை இருந்தால்? அப்போது அது மறதியாகாது. பிறக்காத தலைமுறையின் மீது எழுதிவைக்கப்பட்ட கடன் பத்திரமாகும். அந்தப் பத்திரத்தைச் சற்றே பிரித்துப் படிப்போம்.

ஐரோப்பாவின் வடகடல். பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையே குமுறிக்கொண்டிருக்கும் குளிர்க்கடல். அதன் தரைக்கு அடியிலே எரிவாயுவும் எண்ணெயும் இருப்பதை 1960களில் கண்டனர். உடனே அங்கே ஓர் ஊரே எழும்பிற்று. கரையிலிருந்து செல்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது நீருக்கு மேலே நிற்கும் மேடை. கண்ணுக்குத் தெரியாத ஊரோ கடலடியிலே இருக்கிறது. அங்கே கிணறுகளின் தலைகள், அவற்றை மூடித் திறக்கும் வால்வுக் கூட்டங்கள், பல கிணறுகளின் எண்ணெயை ஒன்றுசேர்க்கும் இரும்புக் கூடுகள், அவற்றை மேடையோடும் கரையோடும் பிணைக்கும் குழாய்வழிகள், அந்தக் குழாய்கள் அலையாமல் இருக்க மேலே போர்த்திய கான்கிரீட் பாய்கள், எல்லாவற்றையும் தரையோடு பிணைக்கும் முளைகள். மனிதன் மூச்சுவிட முடியாத இடத்திலே மனித அறிவு கட்டிய நகரம் அது.

அந்த அறிவை நாம் போற்றுகிறோம். புயலும் பேரலையும் ஓயாது மோதும் கடலிலே ஒரு கட்டடம் நிற்கவேண்டும் என்றால், அதைக் கணக்கிட்டவன் கை சாதாரணக் கை அன்று. அங்கே உழைத்தவர் சிந்திய வியர்வை சிறிதன்று. உயிர் கொடுத்தவரும் உண்டு. எனவே, நம் கேள்வி அவர்தம் திறமையைப் பற்றியதன்று. நிற்க வைக்கத் தெரிந்த அறிவு, எடுத்துவிடவும் வழி வைத்ததா? இதுவே கேள்வி.

பிரென்ட் எண்ணெய் வயலை எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தையிலே எண்ணெய் விலை கூறும்போது நாள்தோறும் ஒலிக்கிறதே, அந்தப் பெயருக்கு உரிய வயல். 1971இல் கண்டறியப்பட்டு, 1976இல் எண்ணெய் தரத் தொடங்கிற்று. ஷெட்லாந்துத் தீவுகளுக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 140 மீட்டர் ஆழமுள்ள கடலில் நான்கு மேடைகள். அவற்றில் ஒன்றுக்கு எஃகுக் கால். மற்ற மூன்றுக்கும் கான்கிரீட் கால். அந்தக் கான்கிரீட் அடிக்கட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 இலட்சம் டன். மூன்றின் அடியிலும் சேர்த்து 64 பேரறைகள். அவற்றில் 42 அறைகள் எண்ணெய் தொடர்பான பணிக்குப் பயன்பட்டவை. எண்ணெய் போனாலும் அறையின் அடியிலே வண்டல் தங்கியது.

வயல் வற்றியது. ஷெல் நிறுவனம் மேடைகளின் மேற்பகுதிகளை எடுக்கத் தொடங்கிற்று. 2017இல் ‘பயனீரிங் ஸ்பிரிட்’ என்ற மாபெரும் கப்பல், டெல்டா மேடையின் 24,200 டன் மேற்பகுதியை ஒரே தூக்கில் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோயிற்று. உலகம் வியந்தது. வியக்கத் தக்கதுதான்! ஆனால், கால்கள்? அவற்றைப் பாதுகாப்பாக மீண்டும் மிதக்கவைத்து எடுக்க வழியில்லை என்று பல்லாண்டு ஆய்வுக்குப் பிறகு நிறுவனமே கூறிற்று. கடலிலேயே விட்டுவிட அனுமதி வேண்டும் என்று கேட்டது. அண்டை நாடுகள் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனி வெளிப்படையாகவே மறுப்புத் தெரிவித்தது. விட்டுவிட்டால் அந்தத் தூண்கள் எத்தனை காலம் நிற்கும்? நூற்றாண்டுகள்! எண்ணெய் எடுத்த காலமோ ஐம்பது ஆண்டுக்கும் குறைவு. ஒரு வேளை உணவுக்காக, ஊர்ப் பொதுவழியிலே என்றும் அணையாத அடுப்பு மூட்டியது போலில்லையா இது?

“அன்று யாருக்குத் தெரியும்? 1970களில் அகற்றுவது பற்றி யார் நினைத்தார்கள்?” என்று பரிந்து பேசுவோர் உண்டு. அவர்களுக்கு ஓர் ஏட்டைக் காட்டவேண்டியிருக்கிறது. 1958இல் ஜெனீவாவிலே கண்டத்திட்டு பற்றிய உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. 1964இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் அதை ஏற்ற நாடு. அதன் ஐந்தாம் விதி என்ன சொல்லிற்று? கைவிடப்பட்ட, அல்லது பயன்பாடு நின்ற கட்டமைப்புகள் முழுவதுமாக அகற்றப்பட வேண்டும் என்று சொல்லிற்று. ‘முழுவதுமாக’! பிரென்ட் வயலின் முதல் தூண் கடலில் இறங்குமுன்பே இந்த வாக்குறுதி உலகறியக் கொடுக்கப்பட்டுவிட்டது.

வாக்குறுதி இருந்தது, சட்ட ஏட்டிலே. அதை நிறைவேற்றும் வழி இருக்கவேண்டிய இடம் வேறு. அது பொறியாளரின் வரைபடம். ஏட்டிலே இருந்தது வரைபடத்திலே ஏறவில்லை. எடுப்பதாக நா சொல்லிற்று. எடுக்க முடியாதபடி கை கட்டிற்று. நாவும் கையும் வேறுபட்டு நடந்தால் அதற்கு நாட்டு வழக்கிலே என்ன பெயர் என்பதைப் படிப்போர் அறிவர்.

பிறகு நடந்ததையும் பாருங்கள். கட்டியதைத் திருத்த முடியவில்லை. சட்டத்தைத் திருத்துவது எளிதாக இருந்தது. 1982இல் எழுந்த கடற்சட்ட உடன்படிக்கை, ‘முழுவதுமாக’ என்ற கண்டிப்பைத் தளர்த்திற்று. கப்பல் போக்குவரத்துக்கும் மீன்பிடிப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஏற்ற அளவு அகற்றினால் போதும், எஞ்சியதன் ஆழமும் இடமும் அறிவிக்கப்பட வேண்டும் என்ற நிலை வந்தது. செய்ய முடியாததைச் செய்வேன் என்று சொன்னவன், கடைசியில் சொல்லையே சுருக்கிக்கொண்டான்.

எனினும், அந்தச் சுருக்கத்திலிருந்தே ஒரு நல்ல விதையும் முளைத்தது. 1989இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அதிலே ஒரு வரி, இந்தக் கட்டுரைக்கே உயிரான வரி: 1998 ஜனவரி 1க்குப் பிறகு, முழுவதுமாக அகற்ற இயலும் வகையில் வடிவமைக்கப்படாத எந்தக் கட்டமைப்பையும் கடலடியில் நிறுவலாகாது என்பது அதன் கருத்து. அகற்றும் கடமை, வயல் வற்றிய நாளிலிருந்து வரைபடம் தீட்டும் நாளுக்கு நகர்ந்தது. கடைசிப் பக்கத்திலே கிடந்த அறம் முதல் பக்கத்துக்கு வந்தது.

அதே 1998இல், ஜூலைத் திங்களில், போர்ச்சுகல் நாட்டின் சிந்த்ரா நகரில் வடகிழக்கு அட்லாண்டிக் கடலோர நாடுகள் கூடின. பழைய மேடைகளைக் கடலில் கொட்டுவதும் விட்டுச்செல்வதும் தடை என்று முடிவு செய்தன. விலக்கு உண்டா? உண்டு. கான்கிரீட் அடிக்கட்டுகளுக்கும், 1999 பிப்ரவரி 9க்கு முன் நிறுவப்பட்ட, 10,000 டன்னுக்கு மேற்பட்ட எஃகுக் கால்களின் அடிப்பகுதிக்கும் விலக்குக் கேட்கலாம். ஏன் இந்த விலக்கு? அவற்றை எடுப்பது அத்துணைக் கடினம் என்பதால். ஆக, எடுக்க முடியாதபடி கட்டியவனுக்கே எடுக்காமல் இருக்கும் சலுகை கிடைக்கும் வாய்ப்பு! தவற்றையே தகுதியாக்கும் விந்தையை வேறெங்கே காண்பீர்?

இந்த முடிவுக்கு உலகத்தைத் தள்ளிய நிகழ்ச்சியையும் அறிவது நன்று. ‘பிரென்ட் ஸ்பார்’ என்பது எண்ணெயைச் சேமித்துக் கப்பலில் ஏற்றும் மிதவை. 137 மீட்டர் உயரம். 14,500 டன் எடை. 1991இல் அதன் வேலை முடிந்தது. அட்லாண்டிக் ஆழ்கடலிலே அதை மூழ்கடிக்க முடிவு செய்தனர். 1995இல் கிரீன்பீஸ் இயக்கத்தினர் அதன்மீது ஏறி அமர்ந்தனர். ஜெர்மனியிலே மக்கள் ஷெல் பெட்ரோலைப் புறக்கணித்தனர். ஜூன் 20ஆம் நாள் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அந்தப் போராட்டத்திலே ஒரு பிழையும் இருந்தது. மிதவைக்குள் எஞ்சிய எண்ணெயின் அளவைக் கிரீன்பீஸ் மிகுத்துக் கூறிவிட்டது. அளவு தவறு என்று தெரிந்ததும் அதே ஆண்டு செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டது. போராடியவர் சொன்னார் என்பதற்காகப் பொய் மெய்யாகாது. எண்ணெய்க்காரர் சொன்னார் என்பதற்காக மெய் பொய்யாகாது. பகுத்தறிவு பேசுவோருக்கு இது பாடம்.

ஆனால், பாடம் அத்துடன் முடிந்துவிடவில்லை. அந்த மிதவையை எப்படி நிறுவினர்? கடலிலே கிடைநிலையில் இழுத்து வந்து, நீர் நிரப்பி நிமிர்த்தினர். அதே வழியில் சாய்த்துக் கரைக்குக் கொண்டுபோகலாமே என்றால், கலம் அந்த அழுத்தத்தைத் தாங்காது உடையக்கூடும் என்று அஞ்சினர். நிமிர்த்தத் திட்டம் இருந்தது. படுக்கவைக்கத் திட்டம் இல்லை! கடைசியில் நார்வேயின் அமைதியான கடற்கழியிலே நிறுத்தி, துண்டு துண்டாக அறுத்து, அந்த வளையங்களை ஸ்டவாங்கர் நகருக்கு அருகே கப்பல்துறைக்கு அடித்தளமாக்கினர். குப்பை என்று கடலில் வீசப்பட இருந்தது, துறைமுகமாயிற்று. எண்ணினால் வழி பிறக்கும். முன்பே எண்ணியிருந்தால் எளிதாகப் பிறந்திருக்கும்.

முன்பே எண்ணியவர் எவரேனும் உண்டா? உண்டு. அதுவும் அதே வடகடலில். மாரீன் என்ற வயலில் 1983இல் ஒரு மேடை நிறுவப்பட்டது. தன் எடையாலேயே தரையில் அமரும் எஃகு மேடை. ஒரு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட பாரம். ஆனால், அதை வரைந்தவர்கள், வேலை முடிந்தபின் மீண்டும் மிதக்கவைத்து எடுக்கும் வகையிலேயே வரைந்திருந்தனர். 2001இல் அந்த நாள் வந்தது. மேடை எழுந்தது, மிதந்தது, நார்வேக்கு இழுத்துச் செல்லப்பட்டது. மறு பயன்பாட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை, கரையோரத்திலே பிரித்தெடுத்தனர். அது வேறு கதை. ஒரு இலட்சம் டன்னைக் கடலுக்குக் கொடுத்துவிடாமல் திருப்பி எடுத்துவர முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதே, அதுதான் செய்தி. “அன்று இயலாது” என்ற சமாதானத்துக்கு மாரீன் மேடை மறுமொழி சொல்லிவிட்டது.

இயலும் என்றால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? பொறியாளருக்கு அறிவு இல்லையா? நிறுவனத்துக்குப் பணம் இல்லையா? இரண்டும் இருந்தன. குறுக்கே நின்றது ஒரு வட்டிக் கணக்கு.

முப்பது ஆண்டுக்குப் பிறகு 100 ரூபாய் செலவு வரப்போகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று கழித்துப் பார்த்தால், இன்றைய கணக்கேட்டில் அது 6 ரூபாய்கூட ஆகாது. இன்று 8 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டு, தூக்குவளையமும் கழற்றும் இணைப்பும் வைத்தால், அன்று அந்த 100 ரூபாய் மிச்சம். பாட்டி கூட “செய்துவிடு” என்பாள். கணக்கேடு என்ன சொல்கிறது? “6 ரூபாய்க்காக 8 ரூபாயா? வேண்டாம்!” என்கிறது. காலத்தைக் கழிக்கும் கணக்கு, கடமையையும் சேர்த்துக் கழித்துவிடுகிறது. மேலும், எண்ணெய் விரைந்து வந்தால் இன்றைய மேலாளருக்குப் பாராட்டு. முப்பது ஆண்டுக்குப் பின் திண்டாடப் போகிறவன் யாரோ. மீண்டும் அந்த ‘யாரோ’!

வட்டிக் கணக்கு முதலீட்டுக்குக் கருவி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், என் பணத்தை இன்று செலவிடுவதா நாளை செலவிடுவதா என்று முடிவு செய்யும் கருவியைக் கொண்டு, என் குப்பையை நான் எடுப்பதா என் பேரன் எடுப்பதா என்று முடிவு செய்யலாமா? முன்னது சிக்கனம், பின்னது சுரண்டல். சுரண்டப்படுபவன் இன்னும் பிறக்கவில்லை. அவனுக்கு வாக்குச்சீட்டு இல்லை, சங்கம் இல்லை, வேலைநிறுத்தம் செய்ய வழியில்லை. அவன் சார்பிலே பேச வரைபடம் ஒன்றுதான் உண்டு.

பிறந்தவர்களும் இந்தக் கடனைக் கட்டுகிறார்கள். 1997 மார்ச்சில் ‘வெஸ்ட்ஹேவன்’ என்ற ஸ்காட்லாந்து மீன்பிடிப் படகின் இழுவலை வடகடலின் அடியிலே ஒரு குழாய்வழியில் சிக்கிக்கொண்டது. படகு கவிழ்ந்தது. நால்வர் மாண்டனர். தரையைத் துழாவிச் செல்லும் வலைக்குக் கீழே கிடக்கும் குழாய் ஓடுகிற குழாயா, ஓய்ந்த குழாயா என்று தெரியாது. தரைக்கு மேலே தூக்கி நிற்கும் ஒவ்வோர் இரும்பும் மீனவன் உயிரோடு விளையாடும் கொக்கி. எண்ணெயின் இலாபத்திலே பங்கு பெறாதவன், அதன் எச்சத்திலே உயிரைப் பங்கு வைக்கிறான்!

பணத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்கள் கடலிலுள்ள எண்ணெய், எரிவாயு அமைப்புகளை அகற்ற 4,500 கோடி முதல் 7,700 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்று அதில் மதிப்பிடப்பட்டிருந்தது. அதிலே அரசுக் கருவூலத்தின் மீது விழும் சுமை 2,400 கோடி பவுண்டு. நிறுவனங்கள் முன்பு கட்டிய வரியைத் திரும்பப் பெறுவதும், வரவேண்டிய வரி குறைவதுமாக அந்தச் சுமை ஏறுகிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! எடுக்க எளிதாகக் கட்டியிருந்தால் குறைந்திருக்கும் ஒவ்வொரு பவுண்டும் ஆசிரியர் கூலியாகவும் மருத்துவமனைப் படுக்கையாகவும் ஆகியிருக்கும்.

“சட்டம் இருக்கிறதே! விட்டுச்செல்லும் பொருளுக்கு உரிமையாளர் என்றென்றும் பொறுப்பு என்று பிரிட்டனில் விதி இருக்கிறதே!” என்பர். என்றென்றும்! மனிதர் மட்டுமா சாகின்றனர்? நிறுவனங்களும் சாகின்றன. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, திமோர் கடலில் ‘நார்தர்ன் எண்டெவர்’ என்ற மிதக்கும் எண்ணெய்க் கலம். பெரிய நிறுவனம் ஒன்று நல்ல காலமெல்லாம் எண்ணெய் எடுத்தது. வயல் முதுமையடைந்தபோது சிறிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டு விலகிற்று. வாங்கியது நொடித்தது, 2020இல் கலைக்கப்பட்டது. கலமும் கிணறுகளும் அரசின் தலையில் விழுந்தன. செலவை ஈடுகட்ட, கடலில் எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள் எல்லாவற்றின் மீதும் பீப்பாய்க்கு 48 சென்ட் வரி விதித்தது ஆஸ்திரேலிய அரசு. விற்றவரையும் பின்தொடரும் பொறுப்பை 2022 முதல் சட்டமாக்கிற்று. நல்லதே. ஆயினும், பொறுப்பாளியைத் தேடிப் பிடிக்கும் சட்டத்தைவிட மேலானது, எவர் கைக்குப் போனாலும் எளிதில் எடுக்கத்தக்க பொருள். நிறுவனம் மாறலாம், தூக்குவளையம் மாறாது.

அப்படியானால் வரைபடத்திலே என்னதான் வைக்கவேண்டும்? மந்திரம் ஒன்றுமில்லை. எளிய செய்திகள்தாம்.

கடலடிக் கூட்டைத் தரையில் பிணைக்க நீண்ட எஃகு முளைகளை அடித்து இறக்கினால், பின்னால் அவற்றைத் தரைமட்டத்துக்குக் கீழே அறுக்கவேண்டும். எஞ்சிய பகுதி மண்ணுக்குள்ளே என்றைக்கும் கிடக்கும். மாறாக, கவிழ்த்த குவளை போன்ற உறிஞ்சு நங்கூரம் உண்டு. உள்ளே இருக்கும் நீரைப் பம்பினால் வெளியே இழுத்தால், கடலின் அழுத்தமே குவளையைத் தரையில் புதைக்கிறது. வேலை முடிந்ததும் நீரை உள்ளே செலுத்தினால், குவளை மேலெழுகிறது. இறங்கிய வழியே ஏறும் வழி! இந்த ஒன்றிலேயே நாம் சொல்ல வந்த அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இணைப்புகளைப் பற்றவைத்து முடிக்காமல், கடலடி எந்திரத்தின் கையால் கழற்றத்தக்கதாக வைப்பது. குழாய்வழியின் இரு முனையிலும் கழுவிச் சுத்தம் செய்யும் வாயில் அமைப்பது. அப்போதுதான் எண்ணெய் வழியாமல் அறுக்கலாம். நெகிழ்குழாய் இட்டால், சுருட்டி வைத்துக் கொண்டுவந்தது போலவே சுருட்டிக்கொண்டு போகலாம். கான்கிரீட் பாய்களைக் கோக்கும் கயிறு, பாயின் வேலை முடியும்வரை இற்றுப்போகாததாக இருக்கவேண்டும். கயிறு இற்றால் பாயில்லை, கடலடியிலே சிதறிய கற்கள்தாம். தூக்குவளையங்கள் துருவுக்குத் தப்பி நிற்கவேண்டும். கிணறுகளைச் சிமெண்டு அடைப்பால் நிலையாக மூடும் வேலைதான் பிரிட்டனில் அகற்றும் செலவிலே ஏறத்தாழப் பாதியை விழுங்குகிறது. ஆகவே, கிணறு தோண்டும்போதே அதை மூடும் முறையையும் எழுதிவைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏடு! எது எங்கே, எடை என்ன, உள்ளே என்ன நஞ்சு, பிற்பாடு எதை மாற்றினர் என்ற பதிவேடு. இரும்பு துருப்பிடிப்பதைவிட வேகமாக நினைவு துருப்பிடிக்கும்.

வரைபடம் மட்டும் போதுமா? போதாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் கரைக்கு அப்பால் ‘இங்கன்ஹரா’ என்ற எண்ணெய்க் கலத்தை நங்கூரமிட்டு வைத்த தூண் மிதவை ஒன்று இருந்தது. வேலை முடிந்ததும் மிதக்கவைத்து இழுத்துச் செல்வதே திட்டம். 2018இல் உற்பத்தி நின்றது. நேரம் வந்தபோது, நீர்நிறை அறை ஒன்றின் பழுதால் திட்டமிட்டபடி எழுப்ப முடியவில்லை. பல ஆண்டு வழக்காடலும் செலவும் பிறந்தன. கதவு வைத்தால் போதாது. கீலுக்கு எண்ணெயும் இடவேண்டும். எடுக்கும் வழியை வரைந்தவன் கடமை பாதி. அந்த வழி அடைபடாமல் ஆண்டுதோறும் காப்பவன் கடமை மறுபாதி.

இனி, நம் கருத்துக்கு எதிரான வாதங்களில் வலுவான ஒன்றைச் சந்திப்போம். கடலடி இரும்பிலே உயிர்கள் குடியேறுகின்றன. பிரென்ட் ஸ்பார் மிதவையிலேயே குளிர்நீர்ப் பவளம் வளர்ந்திருக்கக் கண்டனர். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் 500க்கும் மேற்பட்ட பழைய மேடைகளை மீன்களுக்குப் பாறைகளாக விட்டுவைத்திருக்கிறார்கள். எடுப்பதற்குக் கப்பல் எரிக்கும் எரிபொருளும் உண்டு. எடுக்கும் தொழிலாளிக்கு உயிர் ஆபத்தும் உண்டு. எனவே விட்டுவிடுவதே சில இடங்களில் நன்று என்கின்றனர் அறிஞர் பலர்.

இதை எள்ளி ஒதுக்க நாம் வரவில்லை. எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் பெயர்த்தே தீரவேண்டும் என்பது வாய்ப்பாட்டு வழிபாடு. ஆராய்ந்து, சில இடத்தில் விட்டுவைப்பதே நன்று என்று கண்டால், விட்டுவைக்கலாம். ஆனால், கூர்ந்து பாருங்கள்: எடுக்க முடிந்தும், எண்ணிப் பார்த்து விட்டுவைப்பது முடிவு. எடுக்க முடியாததால் விட்டுவைத்து, பிறகு மீனுக்கு நன்மை என்று பெயர் சூட்டுவது சாக்கு. முடிவுக்கும் சாக்குக்கும் உள்ள தொலைவே அறிவுக்கும் ஏமாற்றுக்கும் உள்ள தொலைவு. எளிதாக எடுக்கத்தக்கதாகக் கட்டுபவன், எடுத்தே ஆகவேண்டும் என்று பின்னோரைக் கட்டாயப்படுத்தவில்லை. எடுப்பதா விடுவதா என்று அவர்களே தங்கள் காலத்து அறிவைக் கொண்டு முடிவு செய்யும் உரிமையை அவர்களுக்கு விட்டுச்செல்கிறான். எடுக்க முடியாதபடி கட்டுபவனோ, அவர்களுக்காகத் தானே முடிவு செய்துவிட்டு மறைகிறான். முன்னோர் முடித்துவைத்துவிட்டனர், பின்னோர் சுமந்துதான் ஆகவேண்டும் என்ற நிலைக்கு எந்தப் பெயர் சூட்டினாலும் அது அடிமைத்தனமே.

இன்னொரு வாதம்: “நாளைய அறிவு வளர்ந்திருக்கும், அவர்கள் எளிதில் எடுத்துவிடுவார்கள்.” 24,200 டன்னை ஒரே தூக்கில் தூக்கும் கப்பல் வந்ததே என்று சான்றும் காட்டுவர். வந்தது, உண்மை. அந்தக் கப்பல் வந்த பிறகும் மூன்று இலட்சம் டன் கால்கள் நிற்கின்றன, அதுவும் உண்மை. மேலும், பிள்ளை கெட்டிக்காரன் என்பது, அவன் பெயரில் கடன் வாங்கத் தந்தைக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு அன்று.

இந்தக் கேள்வி எண்ணெயோடு முடிவதுமன்று. எண்ணெய் யுகம் தேய்கிறது. அதே கடல்களிலே காற்றாலைகள் எழுகின்றன. உலகின் முதல் கடற்காற்றாலைத் தொகுதி 1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் எழுந்தது, பதினொரு காற்றாலைகள். 2017இல் அதுவும் அகற்றப்பட்டது. தூய்மையான ஆற்றலுக்கும் முதுமை உண்டு. நல்ல நோக்கத்துக்கும் எச்சில் இலை உண்டு. இந்திய அரசு 2015இல் கடற்காற்றாலைக் கொள்கையை வகுத்தது. குஜராத்தோடு தமிழகத்தின் தென்கரையும் அதற்கு ஏற்ற இடமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வடகடல் கற்ற பாடத்தை விலை கொடுக்காமல் கற்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

இளைஞர்களே! உங்களில் பலர் பொறியியல் பயில்கிறீர்கள். நாளை உங்கள் மேசைக்கு வரைபடம் வரும். சிலர் மன்றங்களில் அமர்வீர்கள்; திட்டம் உங்கள் ஒப்புதலுக்கு வரும். மற்றவர் கரையிலே நின்று கேள்வி கேட்கும் குடிமக்களாய் இருப்பீர்கள். எந்த இடத்தில் இருந்தாலும் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். இது எப்படி இறங்கும் என்று காட்டினீர்கள். எப்படி ஏறும் என்று காட்டுங்கள். ஏற்றுவதற்கான பணத்தை இலாபம் கைக்கு வரும் நாளிலேயே எங்கே ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள்? உங்கள் நிறுவனம் மறைந்துபோனாலும் முன்பின் அறியாத ஒருவன் இதைப் பிரித்தெடுக்கும் அளவுக்குப் பதிவேடு தெளிவாக இருக்கிறதா?

மறுமொழி கிடைத்தால், கட்டட்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால், அந்தப் ‘பிறகு’ யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். தலைமுறைகளுக்கு இடையே நீதி என்பது மேடையிலே முழங்கும் சொல்லாக இருந்தால் போதாது. அது கழற்றத்தக்க ஒரு மரையாக, துருப்பிடிக்காத ஒரு வளையமாக, தொலைந்துபோகாத ஓர் ஏடாக இருக்கவேண்டும். கடலடி இருட்டிலே, எவர் கண்ணுக்கும் படாத இடத்திலே அந்த வளையத்தை ஒழுங்காகப் பொருத்தியவன் பெயர் வரலாற்றில் வராது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு கொக்கியை மாட்டித் தூக்குகிறவன் அவனை ஒரு கணம் நினைப்பான். அந்த ஒரு கண நினைவுக்குத் தகுதியாக வாழ்வதைவிட, வேலை தெரிந்தவனுக்கு வேறு பெருமை என்ன வேண்டும்?